ஒரு மேஜையில் இரண்டு நாய்கள்

நான் வேலை பார்த்த, கப்பல் சரக்குப் பெட்டிகள் வந்து போகும் கன்டெய்னர் யார்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவோம். காகிதத்தைப் பார்த்துப் படிக்காதே, பெட்டியைப் பார்த்துப் படி. ஒரு மேஜையில் ஒரு பெட்டியின் காகிதம் மட்டும்தான் இருக்க வேண்டும். திருவொற்றியூரில் பத்தொன்பது வருடம் இதை மற்றவர்களுக்கு ஓதிக்கொண்டிருந்தவள் நான். எங்கள் நாயின் விஷயத்தில் அந்த இரண்டையும் மீறியவளும் நான்தான். நாய் இப்போது ராட்டர்டாமில் என் காலடியில் குறட்டை விட்டுத் தூங்குகிறது. ஜெயித்துவிட்டோம்.

யார்டில் எண் சரிபார்ப்பது இப்படி. லாரி கேட்டில் வந்து நிற்கும். ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் கதவில் இருக்கும் எண்ணை உரக்கப் படிப்பார். மேஜையில் இருப்பவர் தன் காகிதத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்து, எல்லாம் பொருந்தினால் "ஓகே" என்று கத்த வேண்டும். கிரேன் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே. என் "ஓகே" சாலை வரை கேட்கும் என்பார்கள்.

அந்த யார்டில் அடுக்கி வைத்த காலிப் பெட்டிகளுக்கு அடியில் பிறந்தது எங்கள் நாய். செம்மண் நிறம். கருத்தடைக்குப் பிடித்துப் போனவர்கள் அடையாளத்துக்கு ஒரு காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மகள் விடவில்லை.

என் கணவர் கிரேன் பழுது பார்ப்பவர். ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைத்து முதலில் அவர் போனார். அவர் போன நாளிலிருந்து மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. பதிமூன்று வயதுப் பெண், வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை எழுந்து பார்ப்பாள். நாய் அவள் கட்டிலுக்குக் குறுக்கே படுக்க ஆரம்பித்த பிறகுதான் தூங்கினாள். எங்களுக்கு விசா எடுக்கப் போன இடத்தில், கைரேகை பதிக்கிற கண்ணாடி மேல் விரலை வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாய் வரும்னு சொல்லு."

"வரும்டி. கைய வை, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"வராதுன்னா நீ மட்டும் போ. நான் அதோட இங்கேயே இருந்துக்கறேன்."

"சத்தியமா வரும்." அதன் பிறகுதான் விரலை வைத்தாள்.

நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டு போவது எங்கள் விசாவை விடப் பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலில் அதன் தோலுக்கு அடியில் அரிசி அளவு சிப் ஒன்றைச் செலுத்த வேண்டும். அதில் பதினைந்து இலக்க எண் இருக்கும். அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எங்கே ஒரு படி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஆனால் இது காகித வேலை. காகித வேலை என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நீல நிற ஃபைல் ஒன்று வாங்கினேன். விமானக் கூண்டை வாங்கிக் கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் வைத்து, நாய்க்குச் சாப்பாடே அதற்குள்தான் என்று பழக்கினேன்.

சிப் போட்ட நாளில் கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெரம்பூர்க்காரர். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் வெள்ளைப் பொமரேனியன், கழுத்தில் சிவப்புத் துணிப் பட்டை. கனடாவில் இருக்கும் மகளிடம் நாயோடு போகப் போவதாகச் சொன்னார். டாக்டரம்மா இரண்டு நாய்களுக்கும் அடுத்தடுத்து சிப் போட்டு, கருவியால் படித்துப் பார்த்துவிட்டு, அந்தந்த எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுத் தாள்களை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பெரியவருக்குக் கை நடுக்கம். சீட்டைப் பின்தாளிலிருந்து உரிக்கவே முடியவில்லை.

"குடுங்க ஐயா. இது எனக்குத் தெனப்படி வேலை" என்றேன்.

அவருடைய தடுப்பூசிப் புத்தகத்தையும் எங்கள் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். கோணல் இல்லாமல் அழகாக ஒட்டினேன். "அச்சு மாதிரி கீதும்மா" என்று அவர் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரத்தம் எடுத்த நாளில் கிளினிக்கின் சிப் படிக்கும் கருவியில் பேட்டரி இல்லை. "நம்பர் இதுல இருக்கு" என்று புத்தகத்தை நீட்டியதும் நான்தான். அதைப் பார்த்து எழுதினார்கள். அறிக்கை நல்லபடியாக வந்தது. மூன்று மாதக் காத்திருப்பும் முடியப் போகிறது, டிக்கெட் எடுத்தாயிற்று, கிளம்ப மூன்று வாரம் என்ற நிலையில் யார்டில் எனக்குக் கடைசி நாள் வந்தது.

கேட்டில் எனக்குப் பெட்டி எண் படித்துக் காட்டுகிறவர் தண்டையார்பேட்டை பாய். பத்தொன்பது வருடமும் அவர் குரலுக்குத்தான் நான் "ஓகே" சொன்னேன். கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னா தங்கச்சி, நம்ம யார்டு நாய் ஃபாரின் போவுதாமே? நாங்கல்லாம் எண்ணூரு தாண்டி போனதில்ல."

"எல்லாம் ரெடி பாய். இதோ, ஃபைல்."

அவர் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. "நாய படிச்சியா?"

"நம்பர்லாம் இதுல இருக்கு பாய்."

"நா ஃபைல கேக்கல. நாய கேட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கிளினிக்கின் அந்த மேஜை என் கண்ணுக்கு வந்தது. விரித்து வைத்த இரண்டு புத்தகங்களும் வந்தன. பிரியாணியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, நாயையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா கருவியை நாயின் கழுத்தில் வைத்தார். அது கூவியது. திரையைப் பார்த்து அவர் படிக்க, நான் புத்தகத்தில் விரலை நகர்த்தினேன். பதினான்கு இலக்கம் வரை பொருந்தியது. கடைசி இலக்கம் என் புத்தகத்தில் ஏழு. நாயில் எட்டு.

மூன்று முறை படித்தோம். மூன்று முறையும் எட்டு.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ சத்தியம் பண்ணின" என்று மட்டும் சொன்னாள்.

"புதுசா ரத்தம் எடுத்தா மறுபடி மூணு மாசம்" என்றார் டாக்டரம்மா. கணவர் அங்கே மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கியிருந்தார். விசாவும் மூன்று மாதம் தாங்காது. "ரிப்போர்ட்டத் திருத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். ஆனா அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? இது அந்த நாய்தான்னு என்ன ஆதாரம்? வேற நாயக் கொண்டு வந்து காட்டறீங்களோன்னுதான் கேப்பாங்க."

"என்ன பண்ணலாம் டாக்டர்?"

"உங்க புத்தகத்துல இருக்கற ஏழு, அந்தப் பொமரேனியன் உடம்புல இருந்தா, சீட்டுதான் மாறியிருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டு எழுதலாம். அந்த நாய் வேணும்."

பெரியவர் கிளினிக்கில் கொடுத்திருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அவர் ஏற்கெனவே விமானம் ஏறியிருந்தால்? எங்கள் கதை முடிந்தது. அதைவிட மோசம், என் அழகான ஒட்டு வேலையால் அந்த வெள்ளை நாய் ஏதோ ஒரு அந்நிய விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

மறுநாள் காலையில் நானும் மகளும் பெரம்பூர் போனோம். எங்களிடம் இருந்த அடையாளம் இரண்டுதான்: வெள்ளை நாய், சிவப்புப் பட்டை. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய தெருக்களில் கடை கடையாக விசாரித்தோம். ஐந்தாவதோ ஆறாவதோ, ஒரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"பொறை பிஸ்கோத்துக்கு பால் தொட்டு துன்ற நாய்தானே? நல்லா தெரியும். பெர்சு வூட்ட காலி பண்ணிகினு கீது. நாளன்னிக்கு பிளைட்டு. சீக்கிரம் போ."

மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

வீட்டில் கட்டுப் போட்ட அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் பெரியவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை நாய் எங்களைப் பார்த்து வீடே அதிரக் குரைத்தது. வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு, "ஐயா, நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து முழுதும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாயைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"டேய் நைனா! இத்தினி நாளா திருவொற்றியூரு நாய் பேருல சுத்திகினு இருந்தியாடா? அதான் பக்கத்து வூட்டு கருவாட்ட திருடினியா?"

மகள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கோச் நம்பர் மாறினா வண்டியே கெளம்பாதும்மா" என்றார் சட்டையை மாட்டிக்கொண்டே. "நாளன்னிக்கு நான் அங்க போய் இறங்கி, இது உன் நாய் இல்லன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? நல்ல வேளை வந்த. ஆட்டோவ கூப்டு."

கிளினிக்கில் டாக்டரம்மா மேஜையைக் காலி செய்தார். "ஒரு நேரத்துல ஒரு நாய்" என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் எங்கள் நாய். எட்டு. அதைக் கீழே இறக்கிய பிறகு வெள்ளை நாய். கருவி கூவியது. டாக்டரம்மா ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். கடைசி இலக்கத்துக்கு முன் வேண்டுமென்றே நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"ஏழு!"

மகள் போட்ட கூச்சலில் இரண்டு நாய்களும் சேர்ந்து குரைத்தன. வெளியே தன் ஆட்டுக்குட்டியோடு காத்திருந்த ஒருவர், என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பெரியவருக்குப் புத்தகத்தை அங்கேயே திருத்தி எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். கனடா போகும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை என்பதால் அதோடு அவர் வேலை முடிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஆதாரங்கள், இரண்டு நாய்களின் படங்கள், கருவித் திரையின் படங்கள், டாக்டரின் கடிதம் எல்லாம் அன்றைக்கே பரிசோதனைக் கூடத்துக்குப் போயின.

அதற்குப் பிறகு எட்டு நாள் பதிலே இல்லை. கணவர் தினமும் அங்கிருந்து கேட்பார், நான் தினமும் இங்கிருந்து எரிந்து விழுவேன். ஒன்பதாவது நாள், ராயபுரத்தில் உறவினர் வீட்டுக்குப் போய் விடைபெற்றுவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றபோது மின்னஞ்சல் வந்தது. திருத்திய அறிக்கை. ரத்தம் எடுத்த அதே தேதி. கடைசி இலக்கம் எட்டு. பெண்கள் பெட்டியில் எழுந்து நின்று "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, பொண்ணுக்கு வரன் அமைஞ்சிச்சா?"

"இல்லம்மா, நாய்க்கு ரிப்போர்ட்டு வந்துச்சு."

"நாய்க்கா?" ஒரு முழம் மல்லியைக் கிள்ளி நீட்டினார். "சரி, அதுவும் புள்ளதானே. வெச்சிக்க."

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வெளிநாடு போகும் விலங்குகளுக்கு அனுமதிச் சான்று தரும் அரசு அலுவலகத்துக்கு நாயோடு போனோம். அதிகாரி நீல ஃபைலைக் கேட்டார். நான் அதை மகளிடம் கொடுத்தேன்.

"சார், நீங்க நாயப் படிங்க. அவ பேப்பர்ல பாத்து டிக் பண்ணுவா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் கருவியை நாயின் கழுத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மகள் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தாள். பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது இலக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு" என்றார் அதிகாரி.

மகள் நிமிர்ந்தாள். "ஓகே!"

அவள் குரல்தான். ஆனால் என் தொண்டை. வராந்தாவில் இருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார். அதிகாரி காதைத் தடவிக்கொண்டே சான்றில் முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் சான்றை ஃபைலில் வைத்து, நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, எனக்காகக் காத்து நின்றாள்.

"நாய் வருது" என்றாள். "நீயும் வேணும்னா வா."