மயிலாப்பூர் யானையை நாங்கள் திருப்பி வைத்த கதை

இந்த ஜனவரியில் மதுரையிலிருந்து என் கல்லூரித் தோழி சாந்தி அசோக் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். புடவை எடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். "தி.நகர்லாம் வேணாம்டி. தெருவுல மிருக பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்களாம்ல, அதைப் பார்க்கணும்" என்றாள். ஓவியர்கள் சிலர் சேர்ந்து தென்சென்னைத் தெருக்களில் ஃபைபர் மிருகங்களை நிறுத்தி, உடம்பு முழுக்கப் படம் வரைந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கருத்து: சமாதானம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் பாபு அரை நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. முதலில் நந்தனம், நான்கு கிலோமீட்டர். மைதானத்துச் சுவரோரம் ஒரு நீலக் கரடி, வயிற்றில் உலக வரைபடத்தோடு, இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றது. "இன்னாக்கா, போலீஸ் புட்ச்சா மாரி நிக்கிது" என்றார் பாபு. அதற்கப்புறம் எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது.

ஆழ்வார்பேட்டையில் எருமை, முதுகெல்லாம் தாமரை. ஆனால் யாரோ கொம்பில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு எதிர்க் கடையில் டிபன் சாப்பிடப் போயிருந்தார். அவர் பொங்கலை முடித்து, காபியையும் ஆற்றிக் குடித்துவிட்டு வரும்வரை படம் எடுக்க முடியவில்லை.

மயிலாப்பூருக்குப் போனபோது மணி ஒன்பது. குளத்துக்குப் பின்னால், கார் வந்தால் ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு. அங்கே ஒரு யானைக்குட்டி, இரண்டு விலாவிலும் வெள்ளைப் புறாக்களோடு, தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது. சாந்தி அதன் முகத்துக்கு நேராகப் போய் நின்றதும் யானைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஒரு மாமி வந்தார். வைதேகி என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"நன்னா எடுங்கோ. முகமெல்லாம் எதிராத்துக்கு. எங்காத்து வாசலுக்கு வால்தான்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து இன்னொரு மாமியின் குரல் வந்தது. அவர் லலிதா. "இறக்கி வெச்சுட்டுப் போனது நானா? வெச்சவாளைப் போய்க் கேக்கச் சொல்லுங்கோ!"

இருவரும் எங்களைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருபது வருடமாக இருவரும் தினமும் விடிகாலையில் சேர்ந்து பீச்சுக்கு நடப்பவர்களாம். "யானை வந்ததுலேர்ந்து நான் நடக்கவே போறதில்லை" என்றார் வைதேகி மாமி. சொல்லும்போது அவர் குரல் லேசாக இறங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"இதுக்குப் போயா மாமி? ஃபைபரு தானே. திருப்பி வெச்சா மேட்டர் ஓவர்" என்று பாபு லுங்கியை மடித்துக் கட்டினார்.

பாபு, சாந்தி, நான், பேப்பரோடு வெளியே இழுத்துவரப்பட்ட வைதேகி மாமியின் கணவர் என்று நான்கு பேரும் பிடித்தோம். யானை நடுத்தெரு வரை வந்தது. பாதி திரும்பியது. அப்புறம் தும்பிக்கை லலிதா மாமி வீட்டு கேட் கம்பிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. அது நின்ற பீடம் தெருவை அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்தது. ஹாரன், ஹாரனுக்கு மேல் ஹாரன். கார்க்காரர் தலையை நீட்டி, "யார் வீட்டு யானைங்க இது? எடுங்க முதல்ல!" என்று கத்தினார்.

"எங்காத்து யானை!" என்றார்கள் இரண்டு மாமிகளும் ஒரே நேரத்தில்.

லலிதா மாமி எப்போது கீழே இறங்கி வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. இருவரும் கார் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். "அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டேளா? ஆபீஸ் ஓடியா போயிடும்?" என்று ஒருவர் ஆரம்பிக்க, "சனிக்கிழமை என்ன ஆபீஸ்!" என்று மற்றவர் முடித்தார். கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"லலிதா, உன் கேட்டை உள்பக்கமாத் தொற."

"தொறக்கறேன். நீ தும்பிக்கையைப் பிடிச்சுக்கோ வைதேகி, ஒடிஞ்சுடப் போறது."

யானை விடுபட்டது. இப்போது தெருமுனையைப் பார்த்து, சுவரோரமாக, வீட்டுக்கு ஒரு விலா என்று நிற்கிறது. தும்பிக்கை நுனியில் சிவப்புப் பெயிண்ட் உரிந்த இடத்தில் வைதேகி மாமி மருமகளின் நெயில் பாலிஷைப் பூசினார். பூசிக்கொண்டே, "உன் பக்கம் புறா ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

"நாளைக்கு நடக்கறச்சே பேசிக்கலாம்" என்றார் லலிதா மாமி.

வைதேகி மாமி நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மணிக்கு" என்றார்.

அடுத்தது அடையாறு. முதுகில் மானைத் தூங்கவிட்டு நிற்கும் புலி அழகுதான். ஆனால் கை வலியில் போனைத் தூக்கிப் படமெடுக்கச் சாந்தியால் முடியவில்லை. மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

இந்த மிருகங்களைப் பார்த்து யாராவது சமாதானம் ஆவார்களா என்று கிளம்பும்போது எனக்குச் சந்தேகம் இருந்தது. வரைந்ததைப் பார்த்து ஆவார்களோ என்னவோ, சேர்ந்து தூக்கினால் ஆகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு நல்லது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எருமையை டிபன் நேரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். யானையைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் போனால் அதைப் பற்றிச் சொல்ல அந்தத் தெருவில் மாமிகள் இருக்க மாட்டார்கள். போன வாரம் காலை ஏழு மணிக்கு அந்த வழியாகப் போனேன். வைதேகி மாமியின் கணவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் நடக்கப் போயிருக்கா. இப்போதான் நிம்மதியாப் பேப்பர் படிக்க முடியறது" என்றார்.