மில்காரரின் கறுப்புக் கார்

எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கும்போது 'பொத்'தென்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் படத்தை எடுத்துவிட வேண்டும். புதுக் கார் வாங்கினால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ராஜகோபுரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சமயபுரம்தான். பூஜை முடிந்து, நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு வண்டி நகர்வதைப் படமெடுப்பது பல வருஷமாக என் பிழைப்பு. பெரிய கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பாய்க்கு மாரியம்மன் கோயில் வாசலில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் யோசனை கேட்டால் சொல்வேன்: உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். கறுப்பு வண்டி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி, எதிரே நிற்கிற இளநீர்க்காரர்கூடக் கதவில் தெரிவார், இடம் பார்த்து நில்லுங்கள். ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். ஓனரைத் தொப்பையை உள்ளே இழுக்கச் சொன்னால் கோபம் வரும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பச் சொன்னால் அதுவே உள்ளே போய்விடும். முக்கியமாக, நகரப்போகிற வண்டிக்கு முன்னால் படுக்காதீர்கள். இந்தக் கடைசிப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர்.

மில்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். அன்றைக்குப் புதுக் கதவின் பளபளப்பை விரலால் தொட்டுப் பார்த்த ஓர் ஆட்டோக்காரரை என் கண்ணெதிரே பிடரியில் அறைந்தார். கூட மனைவியும் அக்காவும் வந்திருந்தார்கள். அக்காவுக்குப் புருஷன் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். மூவரையும் வண்டியோடு சேர்த்து நிறுத்தினேன். மில்காரர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நல்ல காரியம் பாரு. நீ கொஞ்சம் ஒதுங்கிக்க" என்றார். அந்த அம்மா முகம் மாறாமல் போய்த் தேங்காய்க் கடை நிழலில் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்களை ஒதுக்கிவைக்க எங்கள் வீடுகளிலும் ஆயிரம் காரணம் உண்டு, நான் என்ன யோக்கியதையில் பேசுவது? வாயை மூடிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் படுத்தேன்.

"பாய், ரெடியா?" என்று கேட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார். அது கிளட்ச் இல்லாத வண்டி. அவர் கால் பழகியதோ பழைய வண்டியில். பழம் நசுங்கியதும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். நான் எப்படி உருண்டு தப்பினேனோ, கேமரா நொறுங்கியது மட்டும் காதருகே கேட்டது. வண்டி பூக்கடைக்குள் பாய்ந்து கம்பத்தில் மோதி நின்றது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. சாமந்தியெல்லாம் ரத்தம். அவ்வளவுதான், கூட்டம் வந்து விழுந்தது. கண்ணாடியை உடைத்தார்கள். மில்காரரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். என்ன நடந்தது என்றே தெரியாதவனும் போகிற போக்கில் ஓர் உதை விட்டுப் போனான். ஒருவன் பந்தலுக்கு முட்டுக்கொடுத்திருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, "கொல்லுங்கடா அவனை!" என்று வந்தான். தேங்காய்க் கடையிலிருந்து ஓடிவந்த அக்கா தம்பியின் மேல் குப்புற விழுந்தார். "என்னை அடிங்கடா! அவனை விட்டுடுங்க!" குழாய் அவர் தோளில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. எலும்பு முறிவதை நான் கேட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில் என் முன்பல் போனது. போலீஸ் வந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

பூக்கார அம்மாளை மில்காரர்தான் கடைசிவரை வைத்தியம் பார்த்து நடக்க வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். வண்டியும் பழுது நீங்கிப் பளபளவென்று திரும்பி வந்தது. "திருஷ்டி கழிச்சு மறுபடி பூஜை போடறோம் பாய். நீங்கதான் வரணும்" என்று போன் செய்தார். போனேன். அக்காவும் வந்திருந்தார். அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழவில்லை.

"எல்லாரும் வந்து நில்லுங்க" என்றேன். மில்காரர் தரையைப் பார்த்தபடி, "அக்கா, நீ கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை என்னால் அடக்க முடியவில்லை. "அவங்க நிக்கலைன்னா நான் எடுக்க மாட்டேன் சார்."

"எங்க வழக்கம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அக்கா நடுவில் வந்து, எழுகிற கையால் அவர் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "விடுடா. அன்னைக்கு உன்னையும் இப்படித்தான் பிடிச்சானுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எடுங்க தம்பி. ஆசைப்பட்டு வாங்கின வண்டி. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றார். தேங்காய்க் கடை நிழலில் நிற்கவில்லை. போயே போய்விட்டார்.

"எடுங்க பாய்" என்றார் மில்காரர். கதவில் கை வைக்கச் சொன்னேன், வைத்தார். சாவியைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினார். "இங்க பாருங்க சார்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். அந்தப் படங்களை வாங்க அவர் வரவே இல்லை. இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. ஒன்றில்கூட அவர் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.