மரிசெல் வீட்டில் கூட்டம்

சென்னையிலிருந்து பாரிஸ் வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒரு சங்கத்தில் நான் தொண்டர். ஞாயிறு மத்தியானம். லா சப்பலில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடையில் அவர்களில் ஒருத்தியான மரிசெல் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வெளியே விடாத மழை. தண்ணீர்க் குவளையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இவர்கள் எல்லோருமே இப்படித்தான், ஊரிலிருக்கும் வீட்டோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

போனில் அவள் வீடு நிரம்பியிருக்கிறது. சீட்டாடுகிறார்கள், பிஸ்கட் தட்டு சுற்றி வருகிறது, யாரோ சிரிக்கிறார்கள்.

சோறு வைக்க வந்த கடைக்கார அண்ணை எட்டிப் பார்க்கிறார்.

"ஆருக்கும் பிறந்தநாளோ தங்கச்சி?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளிடம் ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"அப்பா இறந்துவிட்டார். நாளைக்கு அடக்கம். அதுவரை அவரைத் தனியாக விடமாட்டார்கள். விழித்திருக்கத்தான் சீட்டாட்டம்," என்கிறாள். அவளுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. போனால் திரும்பி வர முடியாது.

அண்ணையிடம் சொல்கிறேன்.

"எனக்கும் அப்ப விசா இல்லை," என்கிறார் அவர். "அம்மான்ரை செத்தவீட்டைப் போனிலைதான் கேட்டனான். அப்ப படம் வராது."

அங்கே யாரோ போனைச் சவப்பெட்டியருகே கொண்டுபோகிறார்கள். பெட்டியின் கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டு முகத்தை மறைக்கிறது. மரிசெல் தன் மொழியில் என்னவோ சொல்கிறாள். பதில் வருகிறது. தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

"விளக்கைக் கொஞ்சம் அணைக்கச் சொன்னேன்," என்கிறாள் என்னிடம். "பெட்டி வீட்டில் இருக்கும்போது அணைக்கக் கூடாதாம்."