நான் உருக்கச் சொன்ன ரஷ்ய நகை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்ப்பது என் வேலை. நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா, உடையில் குத்திக்கொள்ளும், நீலக்கல் பதித்த பழைய ப்ரூச் ஒன்றை நீட்டினார். ஏற்காடு எஸ்டேட்டில் சமையல் செய்த அவருடைய அம்மாவுக்கு, அங்கிருந்த துரைசானி கொடுத்துவிட்டுப் போனதாம்.

எடை, தரம், கல் என்று வரிசையாக எழுதினேன். தங்கம் ஐம்பத்தெட்டு சதவீதம்தான். பின்புறம் 56 என்ற எண்ணும், லென்ஸில் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் தலையும் இருந்தன. தலையைக் குறிக்க என் படிவத்தில் இடமில்லை. விட்டுவிட்டேன்.

“அம்மா ஞாபகமுங்க. உருக்கிறலாமுங்களா, வெச்சுக்கட்டுங்களா?”

“மட்டமான தங்கமுங்கக்கா. உருக்கித் தோடா எடுத்துக்கங்க.”

கல்லைக் கழற்றிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே உருக்கினார்கள்.

நான்கு மாதம் கழித்து, பழைய நகை சேகரிப்பவர்களுக்கான ஏலப் பட்டியல் ஒன்றில் அதே எண்ணையும் அதே தலையையும் பார்த்தேன். ரஷ்யப் பேரரசர் காலத்து முத்திரை; 56 என்பது அவர்கள் கணக்கில் நம் ஐம்பத்தெட்டு சதவீதம். அங்கே அதுதான் நல்ல தங்கம். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

“தோடு எம்மருமக காதுல கெடக்குதுங்க சாமி. நீங்க சொல்லலீன்னா அந்த மட்டத்தையே கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்” என்று சிரித்தார்.

“தோடு நல்லா இருக்குதான்னு கேக்கத்தான் கூப்பிட்டேனுங்கக்கா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ரஷ்ய முத்திரை எனக்குத் தெரியாமல் போனது இருக்கட்டும். அம்மா ஞாபகம் என்று அவர் தமிழில்தானே சொன்னார்.