மூழ்காத கப்பலை மூழ்கடித்தவர்

துறைமுகத்தை ஒட்டிய தெருவில், மாடியில் அலுவலகமும் கீழே அச்சுக்கூடமுமாக இயங்கிய மாலைப் பத்திரிகை அது. அங்கே இருபத்திரண்டு வருடம் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொண்டிருந்தவரை எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அவருக்கும் தெரியும். கௌரவமான அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் கூப்பிட்டவர்களிடமே விட்டுவிட்டார்.

உண்மையிலேயே கெட்டிக்காரர்தான். ஒரு சொல்லைக் கேட்டால் அதன் தாத்தா பாட்டி வரைக்கும் சொல்லுவார். ஆனால் அடுத்தவர் தப்பு அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர் எப்போதோ செய்த ஒரு பிழையைப் பத்து வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் தூரத்துக் கடலில் சண்டை நடந்தது. வாரத்துக்கு ஒரு கப்பலாவது அடிபட்ட செய்தி வரும். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு டெலிபிரிண்டர் ஒரே ஒரு வரியை அடித்துவிட்டு நின்றது. அந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து போன ‘விடிவெள்ளி’ என்ற சரக்குக் கப்பலைப் பற்றிய ஆங்கில வரி. ‘விடிவெள்ளி டீல் டார்ப்பிடோ செய்யப்பட்டது, விவரம் பின்னால்.’ பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

டீல் என்றால் பேரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அகராதிக்கு அதற்கு மேலும் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பைன் மரப் பலகை என்று ஒரு பழைய அர்த்தம் இருந்தது. விடிவெள்ளி பலகை ஏற்றிப் போன கப்பல்தான். போதாதா? ‘பலகை ஏற்றிச் சென்ற விடிவெள்ளி மீது டார்ப்பிடோ தாக்குதல்’ என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டார். ‘பதினான்கு ஊழியர்களின் கதி தெரியவில்லை’ என்று கீழே ஒரு வரியைத் தானே சேர்த்தார். துறைமுக அலுவலகம் அனுப்பியிருந்த பட்டியலிலிருந்து பதினான்கு பேரின் பெயரையும் வயதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

பிழை திருத்தும் அம்மாள், அதிர்ந்து பேசாதவர், தாளோடு அவர் மேசைக்கு வந்தார்.

“சார், இது கப்பலை விக்கிற பேரமா இருக்குமோ? விக்கப் போறாங்கன்னு போன வாரம் நாமளே போட்டோமே.”

“டார்ப்பிடோன்னா தண்ணிக்குள்ள போய் வெடிக்கிற குண்டும்மா. பேரத்து மேல யாராவது குண்டு போடுவாங்களா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு, தாளின் ஓரத்தில் தன் கையெழுத்துச் சுழியைப் போட்டுக் கீழே அனுப்பினார்.

ஒரு மணிக்குப் பத்திரிகை தெருவுக்குப் போய்விட்டது. ஒன்றரைக்கு டெலிபிரிண்டர் மீதியை அடித்தது. கப்பலை விற்பதற்கான பேரத்தைப் பங்குதாரர்களே கடைசி நேரத்தில் கவிழ்த்துவிட்டார்களாம். கப்பல் வேறொரு துறைமுகத்தில் பத்திரமாக நங்கூரம் போட்டு நிற்கிறதாம். அகராதி அந்த நீளக் காகிதத்தைக் கிழித்து எடுத்தார்.

இரண்டு மணிக்குள் வாசலில் கூட்டம். மாலுமிகளின் மனைவிமார், அம்மாக்கள், அடுப்பை அணைத்ததும் அணைக்காததுமாக ஓடி வந்தவர்கள். ஆசிரியர் தானே படியிறங்கிப் போய், கையெடுத்துக் கும்பிட்டு, கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாலைந்து தடவை சொன்னார். நம்பச் சொன்னாலும் அவர்களால் உடனே நம்ப முடியவில்லை. காலையில் உயிரோடிருந்தவனைப் பகலில் சாகடித்த பத்திரிகைதானே சொல்கிறது. ஒருத்தி மட்டும் வரவில்லை. கப்பலின் சமையல்காரர் மனைவி, ரவிக்கை தைக்கிறவள், பேப்பரைப் பார்த்ததும் மாடியிலிருந்து ஓடி இறங்கி, படி தவறி விழுந்து, வலது முழங்கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஆசிரியர் மேலே வந்தபோது முகம் கறுத்திருந்தது. புரூஃப் தாளைக் கேட்டார். ஓரத்தில் இருந்தது அந்த அம்மாளின் சுழி ஒன்றுதான்.

“கையெழுத்து உங்களது. நாளையிலேருந்து வர வேண்டாம்” என்றார்.

அம்மாள் ஆசிரியரைத் தாண்டி அகராதியைப் பார்த்தார். அவர் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். வாய் திறக்கவில்லை. அம்மாள் இழுப்பறையிலிருந்த கண்ணாடிக் கூட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

எல்லோரும் போன பிறகு, சாயங்கால வெயில் சன்னலில் இருக்கும்போதே, அகராதி தடித்த ஆங்கில அகராதியை இறக்கி, டார்ப்பிடோ என்ற சொல் இருந்த பக்கத்தைப் பிரித்தார். தனக்குச் சாதகமாக ஏதாவது அகப்படாதா என்ற நப்பாசை. குண்டு என்பது அங்கே முதலில் கூட இல்லை. முதலில் இருந்தது ஒரு மீன். தொட்டவர் கையை மின்சாரத்தால் மரத்துப் போக வைக்கும் திருக்கை. அந்தச் சொல்லே மரத்துப் போவது என்ற அர்த்தமுள்ள ஒரு பழைய மொழிச் சொல்லிலிருந்து வந்ததாம். மீனைப் பார்த்துத்தான் குண்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம், ரயிலை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி. எண்ணெய்க் கிணற்றில் இறக்கும் வெடி. ஏதோ ஓர் ஊரில் கூலிக்குக் கொல்பவன். எங்கேயோ நீளமான ரொட்டி. இவற்றுக்கெல்லாம் நடுவில், பளிச்சென்று, ‘ஒரு திட்டத்தையோ பேரத்தையோ கெடுத்துக் கவிழ்த்தல்’.

அவர் கண் அந்த வரியில் நிற்கவில்லை. மீனிடம் திரும்பிப் போனது. மரத்துப் போவது. பிற்பகலில் ஒரு பெண் தன்னைப் பார்த்தபடி நின்ற அரை நிமிஷத்தில் நாக்கு மரத்துப் போனதே, அதற்கு எந்த மீனைக் குற்றம் சொல்வது? புத்தகத்தை மூடினார். வீட்டில் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னார். அதுவும் பொய்தானே என்று இன்னும் குன்றிப் போனார்.

மறுநாள் காலை வேலைக்கு முன்னால் அம்மாளின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்தார். அகராதி உட்காரவில்லை. தப்பு தன்னுடையது, ஆசிரியரிடம் இப்போதே சொல்லப் போகிறேன் என்றார்.

“தப்பு யார் வேணா பண்ணலாம் சார். நேத்து நீங்க பேசுவீங்கன்னு நான் பாத்துக்கிட்டே நின்னேன். அதுதான் எனக்கு ஆறல.”

அவர் தலையை ஆட்டினார்.

ஆசிரியரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். அம்மாளை அன்றே திரும்பக் கூப்பிட்டார்கள். அகராதியை மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து, எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தக் கப்பல் போகும் என்ற அரைப் பத்தியைத் தொகுக்கப் போட்டார்கள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். தையல்காரியின் கை தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. அவர் யாரென்று சொன்னதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அப்படி என்னதான் அர்த்தம் என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒரு வார்த்தைக்கு இத்தனை இருக்குன்னா, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டாங்கம்மா. நான்தான் காதுல வாங்கல.”

அவளுடைய எலும்பு கூடியது. ஆனால் கை முழுக்க நீளவில்லை. ஊசியில் நூல் கோக்க முடிந்தது, மெஷின் சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. தையலை விட்டுவிட்டாள் என்று அம்மாள் மூலமாகக் கேள்விப்பட்டார்.

மூன்று மாதம் கழித்து விடிவெள்ளி திரும்பியது. இரண்டாம் நாள் சமையல்காரர் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். கட்டையான மனிதர், கலகலவென்று பேசுகிறவர். தான் செத்த பேப்பரில் ஒரு பிரதி வேண்டுமாம். அகராதியே பழைய கட்டுகளில் தேடி எடுத்துக் கொடுத்தார். சமையல்காரர் பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடித்தார்.

“அட, நாலு வயசு கூடப் போட்டிருக்கீங்களே. செத்தவனுக்கு வயசு எதுக்குன்னு விட்டுட்டீங்களா?” என்று குலுங்கிச் சிரித்தார். பிறகு, “யாரு எழுதினது இது?” என்றார், சிரிப்பு மாறாமலே.

பிழை திருத்தும் அம்மாள் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான்” என்றார் அகராதி.

சமையல்காரரின் சிரிப்பு மெல்ல வற்றியது. பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அகராதி, அவிழ்ந்து கிடந்த கட்டின் முன்னால், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.