வெள்ளிக்கிழமை பிரிக்க வேண்டிய குழாய்

வியாழக்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. மெஹர் அக்காவின் மகன் அனுப்பியிருந்தான்: "அம்மா மௌத் ஆயிட்டாங்க. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." மூன்று முறை படித்தேன். முந்தின நாள் மாலைதான் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் "நாளைக்குப் பார்க்கலாம் சுதா" என்று கையசைத்துவிட்டு ரயில் பிடிக்கப் போனார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ள இனி ஆள் இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் கால்நடை ஆஸ்பத்திரி ஆய்வக வேலையை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாய்களின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை வகை பிரித்து எண்ணுவோம். ஒவ்வொரு வகைச் செல்லையும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் உண்டு. அவற்றில் ஒளிரும் சாயம் ஏற்றியிருக்கும். ரத்தத்தில் கலந்து மெஷினில் விட்டால், லேசர் பட்டதும் அது ஒட்டிய செல் மின்னும். எது மின்னியது, எத்தனை மின்னியது என்பதை வைத்து டாக்டர் அந்த நாயின் கதியை முடிவு செய்வார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நல்ல உச்சி வெயிலில் நான் மெஷின் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே கும்மிருட்டு. திரை வெளிச்சம் பட்ட ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. "கதவைச் சாத்தும்மா. சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. வெளிச்சத்துல வெச்சா மறந்துடும், இருட்டுல வெச்சாத்தான் ஞாபகம் வெச்சுக்கும்" என்றது ஒரு குரல். அக்கா எனக்கு ஆறு மாதம்தான் சீனியர். அன்று அவரைப் பார்த்து நான் மிரண்டதைச் சொல்லிக் கடைசிவரை சிரித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்க மாட்டார். சாயம் போட்ட குழாயை வெளிச்சம் படாமல் ஃபாயிலில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கும்போது, நாங்கள் எல்லாம் சாயம் போட்ட நாளை எழுதுவோம். அவர் மெஷினில் படிக்க வேண்டிய நாளைத்தான் எழுதுவார். "போட்ட நாள் போயிடுச்சு. பார்க்கப் போறவங்களுக்காகத்தானே எழுதுறோம்?" என்பார். நாளை நடப்பதை இன்றே எழுதுகிறார் என்று நாங்கள் அவருக்கு ஜோசியக்காரி என்று பெயர் வைத்திருந்தோம்.

இனி என் பொய். அந்த வாரம் திங்கட்கிழமை, பள்ளிக்கரணை ஆட்டோக்காரர் ஒருவருடைய நாயின் ரத்தம் வந்தது. நாயின் பெயர் ஜிம்மி. வேளச்சேரி ரோட்டு நெரிசலில் பைக் பெட்டிக்குள் வெந்து, மூன்று மணி நேரம் தாமதமாக வந்த ரத்தம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு சாயத்தை விட்டுவிட்டேன். செத்த செல்லைக் காட்டிக்கொடுக்கும் சாயம் அது. அதைப் போடாவிட்டால் செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று தெரியாது. "செத்ததுதான் எதைக் குடுத்தாலும் புடிச்சுக்கும். உயிரோட இருக்கறது பார்த்துப் பார்த்துத்தான் புடிக்கும்" என்று அக்கா எத்தனையோ முறை சொன்னதுதான். திரையில் முதிராத செல்கள் கூட்டம் கூட்டமாக மின்னின. ரத்தப் புற்றுநோய் என்று எழுதி அனுப்பினேன். நாயை ஒரேயடியாகத் தூங்க வைக்கும் ஊசிக்கு எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று டாக்டர் ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டார். அன்று மாலையே மெஷினின் லேசர் மக்கர் செய்தது. சரிசெய்ய வியாழன் மாலைதான் ஆள் வரும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா என் ரிப்போர்ட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜிம்மிக்கு செத்த செல் சாயம் போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன் அக்கா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் முகம் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னொரு முறை கேட்க வந்தவர் போலவே இருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில், ஃபாயில் சுற்றிய ஒரே ஒரு குழாய். அக்காவின் கையெழுத்து. இறந்து ஒரு நாள் ஆனவர், அன்றைய தேதியை எழுதியிருந்தார். அதன் கீழே, "ஜிம்மி. சுதா பார்க்க." அவர் பழக்கம் தெரிந்தும் சுவர்க் காலண்டரில் தேதியைச் சரிபார்த்தேன். மீதமிருந்த ரத்தத்தை எடுத்து, நான் விட்ட சாயத்தையும் சேர்த்துப் போட்டு, கெடாமல் பக்குவம் செய்து வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருட்டறையில் அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே மெஷினை ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ திரையைப் பார்ப்பது போலிருந்தது, நான் திரும்பவில்லை. செத்த செல்களை ஒதுக்கியதும், திங்கட்கிழமை மின்னிய கூட்டம் மொத்தமும் மறைந்துவிட்டது. மீதியைப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மாத்திரையில் தீரக்கூடியது. டாக்டரை அழைத்து என் தவறை ஒப்புக்கொண்டேன். "நாயை இன்னும் கொண்டு வரலை. அவருக்கு நீங்களே சொல்லுங்க" என்றார். ஆட்டோக்காரரை அழைத்தபோது மணி பத்து. முதல் மணியிலேயே எடுத்தார்.

"சுதா மேடமா? கரெக்டா பத்து மணிக்கு பண்ட்டீங்க. போனைக் கைல வெச்சுகினு குந்திகினு கீறேன்."

"என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊசி போட ஜிம்மிய ஆட்டோல ஏத்திகினு இருந்தப்போ உங்க ஆஸ்பத்திரி அம்மா போன் பண்ணாங்க மேடம். ஊசி வேணாம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போன் வரும்னாங்க. நீங்களே பண்ணுவீங்களாம்மான்னு கேட்டேன். நான் இல்லப்பா, சுதான்னு ஒருத்தங்க பண்ணுவாங்க, அவங்க சொல்றதுதான் உண்மைன்னாங்க."

"எப்போ பேசினாங்க? புதன்கிழமையா?"

"முந்தாநாளா, நேத்தா... தூங்கியே மூணு நாளாச்சு மேடம், ஒன்னும் வெளங்கல. ஜிம்மி இன்னா ஆவும்? அதைச் சொல்லுங்க."

பிழைத்துக்கொள்ளும் என்றேன். அந்தப் பக்கம் அந்த மனிதர் அழுதார். இந்தப் பக்கம் நானும் அப்போதுதான் அழுதேன். அக்கா பேசிய கிழமை அவர் போனில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கச் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

ஜிம்மி இப்போது பள்ளிக்கரணையில் ஆட்டோ பின் சீட்டில் ஏறிச் சுற்றுகிறது. அக்காவின் பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தக் கசங்கிய ஃபாயில் ஒன்றுதான். நானும் இப்போது படிக்கும் நாளைத்தான் எழுதுகிறேன். தினமும் இருட்டறைக் கதவைச் சாத்தியதும் அவர் கேட்பது காதில் விழுகிறது. அந்த அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறேன்.

போட்டேன் அக்கா.