பாலத்தில் நின்ற வைத்தியச்சி

தில்லி கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீட்டு உமாமகேஸ்வரி மத்திய அரசு ஆபீசில் ஸ்டெனோ. வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், கூடவே பூதங்களோடு மல்லுக்கும் நிற்கிறாள். சிரிக்காதீர்கள். அவள் புருஷன் வேணு பழக்கிவிட்ட ஆன்லைன் ஆட்டம் அது. ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து அதற்குள்ளேயே ஒரு குடித்தனம் நடத்துவார்கள். பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வீட்டுக்காரர் என்னோடு கேரம்கூட ஆடியதில்லை.

ஆட்டத்தில் நுழையும்போதே ஒரு வேடம் எடுக்க வேண்டும். வாள்வீரன், வில்லாளி, பூதத்தை ஏவுகிற பூதக்காரன், காயம் ஆற்றும் வைத்தியச்சி என்று பல. வேணு வாள்வீரன். உமா வில்லுக்குத்தான் ஆசைப்பட்டாள். அவர் விடவில்லை. திருநெல்வேலிக்காரர், குழைந்து பேசுவதில் கெட்டிக்காரர்.

“நான் இருக்கேம்லா. ஒனக்கு எதுக்குட்டி வில்லு? நீ வைத்தியச்சியா இரு, போதும்.”

இவளும் உருகிப்போனாள். ஆட்டத்தில் கிடைத்த பலத்தையெல்லாம் மருந்திலேயே போட்டாள், அடிப்பதற்கென்று துளிகூட வைத்துக்கொள்ளவில்லை. போட்டதை மாற்றவும் முடியாதாம். யாராவது அப்படிச் செய்வார்களா? புருஷனை நம்பினவள் செய்வாள்.

போன குளிர்காலத்தில் வேணு ஆபீஸ் பயிற்சிக்காக ஜெய்ப்பூர் போனார். ஹாஸ்டலில் நெட்டே வரவில்லை, நீ தனியாக ஆடிக்கொண்டிரு என்று போனில் சொல்லிவிட்டார். உமா தனியாகப் போனாள். ஆற்றுப்பாலத்தில் ஒரு காட்டுப்பன்றி. இவள் அடி அதற்குக் கொசுக்கடி. அது முட்டும், இவள் காயத்தை ஆற்றிக்கொள்வாள், மறுபடி முட்டும், மருந்து தீர்ந்ததும் சாவாள். எதிர்க்கரையில் முன்பின் தெரியாத ஒரு பூதக்காரன் நின்று வேடிக்கை பார்த்தானாம். காப்பாற்றச் சொல்லி, ‘பையா, பசாவோ’ என்று எழுதிக் கெஞ்சியிருக்கிறாள். தில்லியில் காய்கறிக்காரரிலிருந்து ஆட்டோக்காரர்வரை எல்லோரும் நமக்குப் பையா, அதாவது அண்ணன்தானே, அந்தப் பழக்கம். அந்தக் கல்நெஞ்சன் அசையவில்லை.

தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று அழாத குறையாக என்னிடம் வந்தாள். தனியாக ஆட எந்த வேடம் தோது என்று தமிழில் யாராவது சொல்லியிருப்பார்கள், தேடு செல்வி என்றாள். தேடினேன். முதலில் வந்த வீடியோவைப் போட்டேன். முகம் இல்லை, குரல் மட்டும். “வணக்கம் மக்கா” என்றது. உமா வாய்க்குக் கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். அது வேணுவின் குரல்.

நெட் வராத ஹாஸ்டலிலிருந்து என்ன விளக்கம்! பூதக்காரனுக்கு முதலிடமாம். அடியெல்லாம் பூதம் வாங்கிக்கொள்ளும், நாம் ஹாயாக நிற்கலாம். அடுத்தது வில்லாளி, தூரத்திலிருந்தே முடித்துவிடுவான். வாள்வீரன் பரவாயில்லை, ஆனால் பின்னால் மருந்து கொடுக்க ஆள் வேண்டும்.

“கடைசி எடம் வைத்தியச்சிக்கு. தனியா விட்டா இது என்ன பாடு படும்னு பாருங்க மக்கா.”

திரையில் அந்தப் பாலம், எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. அங்கே நின்ற பூதக்காரன் வேறு யாருமில்லை, வேறு வேடத்தில் வந்த இவர்தான். உமா ஆசையாகத் தேர்ந்தெடுத்த சாமந்தி நிறச் சால்வையோடு வைத்தியச்சி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். அவள் எழுதியதும் கீழே தெளிவாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதே போனைப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள் என்றேன்.

“செத்தது போகட்டும் செல்வி. கட்டுன புருசனப் பையான்னு கூப்பிட்டிருக்கேன். அவுக அதயும் பாத்துக்கிட்டே நின்னுருக்காக.”

வேணு திரும்பி வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, டிராகனை அடிக்க நண்பர்கள் வருகிறார்கள், மருந்து கொடுக்க வா என்று கூப்பிட்டார். நண்பர்களாம்! அந்த வீடியோவுக்குச் சிரித்த கூட்டம் முழுக்க நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. என் போனில் நானும் பார்த்தேன். அவர் உள்ளறையில், இவள் ஹாலில். டிராகன் நெருப்பைக் கக்கியது. வேணு மருந்து, மருந்து என்று கத்தினார். வைத்தியச்சி ஒரு பாறையில் போய் உட்கார்ந்தாள். அத்தனை பேரும் பார்க்க எழுதினாள்:

‘பையா, நெட்டு போயிட்டு.’

வாள்வீரன் கருகி விழுந்தான். வேணு ஹாலுக்கு ஓடி வந்தபோது இவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாளாம். டிவிக்குப் பக்கத்தில் நெட் பெட்டி பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

நன்றாக வேண்டும் என்று நான் கைதட்டிக்கொண்டு ஓடினேன். உமா சிரிக்கவில்லை. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. லேப்டாப்பில் புது வேடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்ட வில்லைக்கூட எடுக்கவில்லை, அவர் முதலிடம் கொடுத்த பூதக்காரியையே எடுத்தாள். இப்போதும் ஞாயிறு மத்தியானம் ஆடுகிறார்கள், அவர் உள்ளறையில் தனியாக, இவள் ஹாலில் தனியாக. உமா நன்றாகவே ஆடுகிறாள். அந்த வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எனக்குத்தான் இப்போது அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை.